பெரியப்பாவின் பல்செட்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. உன் அப்பாவின் வாயைத் தவிர இந்த வீட்டில் மற்றதெல்லாம் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று எழுது, எழுதும்போது பல்லையும் சேர்த்து எழுது. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் இந்த இரண்டு அறைக்குள் எந்த மூலையில் நின்று பேசினாலும் அவர் காதில் விழுகிறது, பல் போன பிறகு மனுஷனுக்குக் காது மட்டும் கூர்மையாகிவிட்டது. அப்பா ஏன் என்னோடு பேச மாட்டேன் என்கிறார், என் மேல் கோபமா என்று போன வாரமும் கேட்டாய். கோபம் இல்லை, பேசுவதற்கு வாயில் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

அவர் கரண்ட் வேலையில் ஒயரைப் பல்லால் உரித்தே காலத்தை ஓட்டியவர் என்பது உனக்குத் தெரியும். பையில் கட்டர் இருக்கும், இருந்தாலும் ஏணி மேல் ஏறிவிட்டால் வாய்தான் அவருக்கு மூன்றாவது கை. முன்பல்லில் விழுந்திருந்த வெட்டை ஏதோ பரிசு வாங்கியதுபோல எல்லோருக்கும் காட்டுவார். ஈறில் ரத்தம் வந்தால் பிரஷ்ஷைத் திட்டிவிட்டு நாலு நாள் பல்லே தேய்க்காமல் இருப்பார், கடைவாய் வலித்தால் டாக்டரிடம் போகாமல் தலைவலி மாத்திரையை ஈறோரம் அதக்கிக்கொள்வார், சதை வெந்து போனதுதான் மிச்சம். கூடவே சர்க்கரை வியாதி. கடைசியில் மேல்வரிசை முழுக்க ஆட்டம் கண்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து என்னைச் சனியனே என்று திட்டப் பார்த்தார், வெறும் காற்றுதான் வந்தது. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன், இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

புதிதாகப் பல்செட் கட்டிக்கொள்ளுங்கள் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன், கேட்கவில்லை. உன் பெரியப்பா தவறிப்போய்ச் சில வாரம் கழித்து ஒரு நாள் காலையில் வாய் நிறையப் பல்லோடு என் முன்னால் வந்து நிற்கிறார். எங்கே கிடைத்தது என்று கேட்டால், அண்ணனோடதுதான், சும்மாக் கெடந்துச்சு, ஒரே வயித்துல பொறந்தவங்களுக்குத் தாடை மட்டும் வேறயாவா இருக்கும் என்கிறார். வேறாகத்தான் இருந்தது. அதற்கும் அசரவில்லை, சுவிட்ச் பெட்டிக்குத் துளை சரிசெய்கிற அரத்தை எடுத்து அந்தச் செட்டைச் சீவிச் சீவி வாயில் ஏற்றிக்கொண்டார். ஒரே வாரத்தில் உள்கன்னத்தில் புண் வந்தது, மாதக் கணக்கில் ஆறவே இல்லை. பல் டாக்டர் அம்மா அந்தச் செட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இது யாரு பல்லுங்க என்று கேட்டாள். இன்னையோட கழட்டி வைங்க, ரெண்டு வாரத்துல ஆறலேன்னா சதையை வெட்டி டெஸ்டுக்கு அனுப்பணும் என்றாள். என்ன டெஸ்ட் என்று நான் கேட்கவில்லை, கேட்டுத்தான் தெரியவேண்டுமா, புற்றுநோய்க்குத்தான். அன்று ராத்திரியும் அவர் அதைப் போட்டுக்கொண்டுதான் தூங்கினார். ஒளித்து வைத்தேன், கண்டுபிடித்துவிட்டார். கெஞ்சினேன், பல்லைக் காட்டினார், அதுவும் அண்ணன் பல்லை.

வேறு வழி தெரியாமல்தான் பெரியம்மாவை வீட்டுக்கு வரச் சொன்னேன். நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பாள், இவரும் வெட்கப்பட்டுக் கழற்றிவிடுவார் என்பது என் கணக்கு. அவள் வருவதை அவரிடம் சொல்லவில்லை. கதவைத் திறந்தவர் அண்ணியைப் பார்த்ததும் பழக்கத்தில் சிரித்துவிட்டார். பெரியம்மா அப்படியே நின்றுவிட்டாள். மூலைப் பல்லில் ஒரு பழுப்புக் கறை உண்டு, அவள் தினமும் தேய்த்துக் கழுவி வைத்த பல் ஆயிற்றே, அவளுக்குத் தெரியாதா.

அவள் திட்டவே இல்லை. இத எப்போ எடுத்தீங்க என்று மட்டும் கேட்டாள். அப்பா வாயைத் திறக்கவில்லை, திறந்தால் அதுதானே தெரியும். காரியமெல்லாம் முடிந்தபின் அங்கே எங்கோ கிடந்ததை எடுத்து வந்திருப்பார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன், எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெரியப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்று பெரியம்மா அந்தப் பல்செட்டைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். அது இல்லாமல் பெரியப்பா அவள் எதிரில்கூட உட்கார மாட்டார், அவ்வளவு கௌரவம். வெறும் வாயோட அனுப்ப மாட்டேன் என்று அவள் கத்திக்கொண்டிருக்க நாங்கள் வீட்டையே புரட்டிப் போட்டோம், கிடைக்கவில்லை. வந்தவர்கள் அத்தனை பேரும் குழி விழுந்த அந்த வாயைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். நான் கட்டிலுக்கு அடியில் படுத்துத் தேடினேன், எனக்கு டார்ச் பிடித்தவர் உன் அப்பா. இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளிப் பாரு என்று சொன்னவரும் அவர்தான். அப்போது அது அவர் சட்டைப் பையில் இருந்திருக்கிறது.

பெரியம்மா கையை நீட்டினாள், அவர் கழற்றிக் கொடுத்தார். குழாயடியில் வைத்து வெகுநேரம் கழுவிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டாள். போகும்போது என்னிடம் மட்டும், அந்தப் புண்ணு ஆறவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் வரவழைத்த ஆள், நான்தான் வாசல்வரை போய் அனுப்பிவைத்தேன்.

நீயும் ஒயரை வாயில் வைத்து உரிக்கிறாய் என்று உன்னோடு வேலை பார்க்கிற பையன் என்னிடம் உளறிவிட்டான். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் கடைவாய் கூசுகிறது, ஊருக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றாயே, அது உன் பேச்சில்லை, உன் அப்பா பேச்சு. அங்கேயே இந்த வாரமே போய்க் காட்டு, இப்போது போனால் அடைத்து அனுப்புவார்கள், வலி வந்தபின் போனால் பிடுங்கித்தான் அனுப்புவார்கள். ராத்திரி பல் தேய்க்காமல் படுக்காதே, மெத்தென்ற பிரஷ் வாங்கு, துருவைச் சுரண்டுகிற மாதிரி தேய்க்காதே, ஈறில் ரத்தம் வந்தால் தேய்ப்பதை நிறுத்தாமல் டாக்டரைப் பார். வேலையில் அத்தனை டீ குடிக்கிறாய், சர்க்கரையைக் குறை, குடித்ததும் வாயைக் கொப்பளி. நான் செத்தால் என் பல் ஒன்றும் உனக்குக் கிடைக்காது, எல்லாம் சொந்தப் பல், என்னோடு வந்துவிடும்.

நோய் நொடி இல்லாமல், கடிக்கிற பல்லோடு நூறு வயசு இரு. அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், அப்படித்தான் எனக்குக் கேட்டது. டாக்டர் நேற்றுப் பார்த்துவிட்டுப் புண் நன்றாக ஆறிவருகிறது, வெட்ட வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டாள். பெரியம்மாவுக்குப் போன் செய்து பேசு, மறந்துவிடாதே. அப்பாவின் வாய் எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டால், இன்னும் ஆறவில்லை பெரியம்மா என்று சொல்லு. அவளுக்கு அதுவாவது கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா