தலைவரின் அரை மாத்திரை

விசைப்படகுச் சங்கத் தலைவர் எத்திராஜ் அவர்கள் கவனத்துக்கு, காசிமேட்டு மீன் ஏலத்துக்குக் கிளம்பும் மனைவி கன்னியம்மா எழுதியது:

தலைவர் எழுந்ததும் இட்லி தின்றுவிட்டு, டப்பியில் இருக்கும் அரை மாத்திரையைப் போட்டுக்கொள்ளவும். மீன் கத்தியால்தான் உடைத்தேன். கவுச்சி அடித்தால் மூக்கைப் பிடித்துக்கொள்ளவும்.

“தலைவனுக்கு இன்னாத்துக்கு மனசு மாத்திரை?” என்று ஒரேயடியாக நிறுத்தியவர், நாலாம் நாள் தலைக்குள் கரண்ட் அடிக்கிறதென்று என் தோளில் சாய்ந்தார். டாக்டரம்மா சொன்னபடி இனி கொஞ்சங்கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

ஆறு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஆளை, உளுத்தம்பருப்பளவு மாத்திரை எழுப்பி நடக்கவிட்டதே! இன்னும் நம்ப முடியவில்லை.

பி.கு: மாமா, நீ மாத்திரைய நிறுத்துன கோவத்துல சொல்லாம வுட்டது ஒண்ணு கீது. போன மாசம் ஏலத்துல நீ சிரிச்சே. வாயப் பொளந்து அதையே பார்த்துகினு நின்னேன். நான் கேட்ட இறாலை வேற எவளோ எடுத்துகினு பூட்டா.