எண்ணிப் பின்னும் வரிகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். "இங்கே எல்லோரும் சுகம்" என்று தொடங்கி, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எடுத்தேன். உனக்குச் சளி விட்டிருக்கும், வேளாவேளைக்குச் சாப்பிடுவாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன்.

ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். மணி அடித்தாலே அப்பா வந்து பக்கத்தில் நின்றுவிடுகிறார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். திங்கட்கிழமை நீ, மாட்டு டாக்டர் படிப்பை ஒரு வருஷம் நிறுத்திவிட்டு வீட்டுக்கு வருகிறேன், அடுத்த வாரம் காலேஜில் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று சொன்னபோதும் அப்படித்தான் நின்றார். "சரி, அப்புறம் பேசலாம்" என்று நான் வைத்துவிட்டதற்கு அதுதான் காரணம். உன் மேல் கோபம் ஒன்றும் இல்லை. வைத்த பிறகு, "யாரு, டாக்டரம்மாவா? மாடெல்லாம் சௌக்கியமாமா?" என்று கேட்டார். எல்லா மாடும் சௌக்கியம் என்றேன்.

முதலில் இந்த வாரத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டால்தான் நான் உன்னிடம் கேட்கப் போவது புரியும்.

குழந்தைச் சாமான் கடைக்காரம்மா புதுக் கட்டடத்துக்கு மாறுகிறார். வாசல் கண்ணாடி அலமாரி முழுக்க என் கைவேலைதான் இருக்க வேண்டுமாம். கம்பளிப் போர்வைகள், யானைகள், குட்டிக் காலுறைகள், எல்லாம் சனிக்கிழமைக்குள். முடியாது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. நான் தொடங்கி நானே முடிக்கிற காரியம் என்று எனக்கு மிஞ்சியிருப்பது இந்தக் குரோஷாப் பின்னல் வேலை ஒன்றுதான். அப்பாவைக் குளிக்க வைப்பது, பொத்தானைச் சரியாகப் போட வைப்பது, இது நம் வீடுதான் என்று சொல்லிப் புரியவைப்பது எதுவும் முடிகிற காரியம் இல்லை. விடிந்தால் மறுபடி முதலிலிருந்து.

அதனால் வேலையை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தேன். போர்வையில் நேராகப் போகிற வரிகளுக்குக் கணக்கு வேண்டாம், கை தானாகப் போகும். காலையில் அப்பாவுக்குச் செய்தித்தாள் வாசித்துக்கொண்டே அவற்றைப் பின்னுவேன். உன் பழைய புத்தகத் தாங்கியில் தாளை நிறுத்தி, துணிக் கிளிப்பு போட்டுவிட்டால் நிற்கும். வாய் படிக்கும், என் காதில் ஒன்றும் விழாது. ஒரு பக்கம் முடித்த பிறகு என்ன செய்தி என்று கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியாது. இந்த வீட்டில் மறதிக்காரர் அவர் ஒருவர்தானா என்று சில நாள் சந்தேகம் வருகிறது. என் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய நாவலின் கண்ணாடித்தாளைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. மன்னித்துக்கொள்.

யானை வேறு. காது, தும்பிக்கை, கால் எல்லாம் எண்ணிப் பின்ன வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் எத்தனை கண்ணி கூட்டுவது, எங்கே குறைப்பது என்று கணக்கு இருக்கிறது. நடுவில் ஒரு வார்த்தை பேசினால் போச்சு, பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். செவ்வாய்க்கிழமை அப்படித்தான் ஒரு யானைக்கு ஒரு கால் குட்டையாகப் போய்விட்டது. அப்பா அதை எடுத்து நடக்க வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு முட்டிவலி. நம்ம பொண்ணுகிட்ட காட்டிட்டுதான் விக்கணும்" என்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். அந்த யானையைப் பிரிக்கவில்லை. உனக்காக வைத்திருக்கிறேன்.

புதன்கிழமை உன் அத்தை வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார். "தம்பி இந்த நிலைமையில இருக்கான், நீ பொம்மை பின்னிட்டு உக்காந்திருக்கே. எப்படித்தான் உனக்குக் கை வருதோ!" என்றார். கை வருவதால்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லவில்லை. "பொம்பளைப் பிள்ளையைப் பெத்து வச்சிருக்கே, வரச் சொல்லேன். படிப்பு எங்கயும் ஓடிப்போயிடாது" என்றும் சொன்னார். திட்டிக்கொண்டே தொட்டியில் கிடந்த பாத்திரத்தை எல்லாம் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுத்தான் போனார். போகும்போது அழுதார். உனக்கு அவர் ஃபோன் செய்திருந்தால் அந்தப் பேச்சை அந்த அழுகையோடு சேர்த்து எடுத்துக்கொள்.

இனி வியாழக்கிழமை. இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன்.

அப்பாவின் கப்பல் கதை உனக்குத் தெரியும், அந்தத் தடிமனான நாவல். மத்தியானம் அவர் அதை வைத்துக்கொண்டு உட்காருவார், நான் எண்ணிப் பின்னுகிற வேலையை எடுத்துக்கொள்வேன். எத்தனையோ மாதமாக முதல் அத்தியாயம்தான். கப்பல் துறைமுகத்தைவிட்டுக் கிளம்பவே இல்லை. படித்த பக்கத்தின் கனத்தையும் மிச்சத்தின் கனத்தையும் விரலால் பிடித்துப் பார்த்து, "என்ன இது, நகரவே மாட்டேங்குது" என்று முகம் வாடிப்போவார். வாழ்நாள் முழுக்க அச்சகத்தில் உட்கார்ந்து கட்டுக்கட்டாகப் பிழை திருத்தின மனுஷன். எனக்குத் தாங்கவில்லை. அவர் முகம் கழுவப் போகும்போது அடையாள நாடாவை எடுத்து நாலு பக்கம் தள்ளி வைக்க ஆரம்பித்தேன். மறுநாள் இன்னும் நாலு. "பரவாயில்லையே, வேகமாத்தான் போறேன்" என்று சந்தோஷப்பட்டார். கதை எங்கே போகிறது என்று கேட்கவே இல்லை. பென்சிலோடு பிழை தேடிக்கொண்டிருந்தார். ஒற்று விட்டுப்போன இடம் ஒன்று கிடைத்தால் அன்றைக்கு அவருக்குத் திருநாள். எந்தப் பக்கத்தைத் திறந்தால் என்ன என்று நானும் இருந்துவிட்டேன்.

கப்பலில் ஒரு சமையல்காரன் வருவான், பெரிய வாயாடி. முதல் அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பப் படித்ததில் அவன் மட்டும் அப்பா மனசில் ஒட்டிக்கொண்டான் போலிருக்கிறது. வியாழக்கிழமை நாடா இருந்த பக்கத்தில், மாலுமிகள் அவனைக் கடலில் அடக்கம் செய்துவிட்டுத் திரும்புகிறார்கள். அப்பா தலையை நிமிர்த்தி, "சமையல்காரன் எப்போ செத்தான்?" என்று கேட்டார்.

நான் காது பின்னிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை பாதியில் இருந்தது. தலையைத் தூக்காமல், "நேத்தே படிச்சீங்களே" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். எண்ணிக்கை தவறக்கூடாதே என்று சொன்னது. அந்தச் சுற்றை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அப்பா ஒவ்வொரு பக்கமாகப் பின்னால் புரட்டிக்கொண்டிருந்தார். அவன் சாகிற இடம், காய்ச்சலில் கிடக்கிற இடம், புயல், அதற்கும் முன்னால். ஒவ்வொரு பக்கத்திலும் விரலை வைத்து இரண்டு வரி படித்தார். முதல் அத்தியாயம் வந்ததும் நிறுத்தினார். "இத்தனையும் நான் படிச்சிருக்கேன். ஒரு எழுத்துகூட என்கிட்ட இல்ல" என்றார். சத்தம் போடவில்லை. அச்சகத்தில் அடுத்தவர் பிழையைச் சொல்லுகிற அதே குரல். எழுந்து போய்ப் புத்தகத்தை அலமாரியில் முதுகு உள்ளே போகும்படி செருகினார். "போதும்மா. இனிமே படிக்கிறது இல்ல" என்று வந்து உட்கார்ந்தார்.

உடனே சொல்லிவிட்டேன். நாடாவை நான்தான் நகர்த்தினேன், நீங்கள் அதையெல்லாம் படிக்கவே இல்லை, படிக்காததை எப்படி மறக்க முடியும் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "அடி திருட்டுப் பொம்பளை!" என்று சிரித்தார். சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை அதே புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். நான் உண்மையைச் சொன்னது அவருக்கு நினைவில்லை, சிரித்ததும் நினைவில்லை. ஆனால் புத்தகத்தைக் கண்டதும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "வேணாம், அது பயமா இருக்கு" என்றார். ஏன் என்று கேட்டால் தெரியவில்லை. மறுபடி எல்லாம் சொன்னேன். மறுபடி சிரித்தார். மத்தியானம் மறுபடி கையை இழுத்துக்கொண்டார். டாக்டரிடம் கேட்டதற்கு, நடந்தது போய்விடும், அதன் பயம் தங்கிவிடும், இந்த நோய் அப்படித்தான் என்றார். செய்தித்தாளும் வேண்டாமாம். நான் வாசிக்க ஆரம்பித்தால் "படிக்காதே" என்கிறார். என் கை போகிற இடத்தையே பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

வீடு அமைதியாகிவிட்டது, எண்ணிக்கை எங்கேயும் தவறவில்லை, வேலை வெள்ளிக்கிழமை சாயங்காலமே முடிந்துவிட்டது. இன்று காலை கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்காரம்மா யானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, காது ரெண்டும் அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறது என்றார். அங்கே நிற்க முடியவில்லை, வந்துவிட்டேன்.

இப்போது அப்பா தூங்குகிறார். அதற்குள் கேட்டுவிடுகிறேன்.

வராதே. அந்த விண்ணப்பத்தைக் கொடுக்காதே.

தினமும் காலையில் கண் விழித்ததும் அப்பா என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "பொண்ணு எங்க?" "காலேஜ்ல" என்பேன். முகம் எப்படி மலரும் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. நான் அவரிடம் சொல்கிறவற்றில் உண்மையாகவும் இருந்து, அவருக்கு நல்லதாகவும் இருக்கிற பதில் அது ஒன்றுதான். நீ இங்கே அடுப்படியில் நின்றால் கேட்பார், "என்னம்மா, காலேஜ் போகலையா?" என்று. லீவு என்று சொல்வாய். எத்தனை நாளைக்குச் சொல்வாய்? ஏதாவது ஒரு காலையில், அவருக்குத் தெளிவாக இருக்கிற ஒரு நிமிஷத்தில், உன்னை நிமிர்ந்து பார்த்துப் புரிந்துகொள்வார். பிறகு மறந்துவிடுவார். மறுநாள் முதல் தடவையாக மறுபடி புரிந்துகொள்வார். என்னால் பொண்ணு படிப்பு போச்சு என்கிற சேதியை அந்த மனுஷன் எத்தனை காலையில் கேட்பார்? பயம் தங்கிவிடும் என்று டாக்டர் சொன்னதை யோசித்துப் பார். புத்தகத்தைக் கண்டு கையை இழுத்துக்கொண்டதுபோல உன்னைக் கண்டு இழுத்துக்கொண்டால், நீ அதைத் தாங்க மாட்டாய்.

நான் சமாளித்துக்கொள்வேன் என்று எழுத மாட்டேன், நீ நம்பவும் மாட்டாய். இது மேலும் மோசமாகும். டாக்டர் அதை மறைக்கவில்லை. என்னைத் தெரியாமல் போகிற நாளும் வருமாம். அதற்கு நான் தயாராகவில்லை. எப்படித் தயாராவது என்றும் தெரியவில்லை. ஆனால் நீ வருவதால் அந்த நாள் ஒரு நாள்கூடத் தள்ளிப் போகாது. அத்தை ஏதாவது சொன்னால் நான்தான் வரவேண்டாம் என்றேன் என்று சொல். திட்டு எனக்கு வரட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். மழையில் நனைந்துகொண்டு மாட்டுக்கொட்டகைக்கு ஓடாதே. நன்றாகப் படி. உன் கைக்கு வருகிற வாயில்லா உயிரெல்லாம் பிழைக்கட்டும், நீ நீண்ட நாள் நன்றாக இரு.

இந்தக் கடிதம் கிடைத்ததும் உடனே கூப்பிடாதே. ஒன்றிரண்டு நாள் போகட்டும். பிறகு கூப்பிட்டு அப்பாவிடம் பேசு, வகுப்பில் நடந்ததைச் சொல். என்னிடம் ஃபோனைக் கொடுக்கச் சொல்லாதே, உன் குரலைக் கேட்டால் வா என்று சொல்லிவிடுவேன். கொஞ்ச நாளைக்கு மட்டும்.

என்றும் உன்னை நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா