ஐஸ்பெட்டிக்குப் பின்னால் திணித்த மெத்தைகள்

மட்டாஞ்சேரி
12-5-1963

கண்ணான மகன் தாவூதுக்கு, அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் அத்தாவும் நானும் சுகம். உன் தங்கை ஜலீலாவும் இன்றைக்குச் சுகம். வெள்ளிக்கிழமை வரை இந்த வரியை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை, அதனால்தான் கடிதம் பிந்திவிட்டது. உன் இருமல் நின்றதா? பினாங்கு மழையில் நனைந்துகொண்டு கடைக்குப் போகாதே.

வெலிங்டன் தீவில் வேலையை விட்டுக் கப்பலேறிய ஒரு துரையிடம், ஜலீலாவின் இன்சுலின் கெடாமல் இருக்க அத்தா பழைய ஐஸ்பெட்டி வாங்கினார்களே, நோன்புப் பெருநாள் கழிந்ததிலிருந்து அது ஒரே சண்டித்தனம். மோட்டார் ஓயாமல் ஓடும், உள்ளே கை விட்டால் குளிர்ச்சியே இருக்காது. தோப்பும்படி ஐஸ் கம்பெனியில் மெஷின் பார்க்கும் ராசப்பனை அத்தா அழைத்து வந்தார்கள். அந்நிய ஆண் உள்ளறைக்கு வருவது நம் வீட்டில் வழக்கமில்லை என்று உனக்குத் தெரியும். அதனால் இரண்டு சுமட்டுக்காரர்களை விட்டுப் பெட்டியைக் கூடத்துக்கு இழுத்து வைத்தோம். அவர் ஒயரை மாற்றினார், பெட்டி ஜம்மென்று குளிர்ந்தது. திரும்ப உள்ளே தள்ளி வைத்தோம், மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிட்டது. மறுபடி கூடம், கதவு ரப்பரை மாற்றினார், குளிர்ந்தது. உள்ளே போனது, கெட்டது. மூன்றாவது தடவையும் அப்படியே. ராசப்பன் தலையைச் சொறிந்துகொண்டு, என்டெ முன்னால நல்ல பிள்ளையா இருக்கு, நான் போனா வேஷம் மாறுதே இத்தா என்று என்னை அக்கா முறை வைத்துக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார். கண்ணேறாக இருக்கும் என்று நான் ஓதி ஊதினேன், பெட்டியைச் சுற்றி மிளகாய் சுற்றிப் போட்டேன். அத்தா சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன ஞாயிறு ஜலீலாவுக்குத் தாகம் ஆரம்பித்தது. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள், இரவெல்லாம் எழுந்து எழுந்து போனாள். சர்க்கரைக்காரிக்கு வெயில் காலம் அப்படித்தான் என்று நினைத்தேன் பாவி நான். வழக்கம்போல ஊசியைக் கொதிக்க வைத்து வேளை தவறாமல் மருந்து போட்டுக்கொண்டுதான் இருந்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் வாந்தி, அதன்பின் கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. மூச்சில் அழுகின பழ வாடை. அத்தா அவளைத் தூக்கிக்கொண்டு படகு ஜெட்டிக்கு ஓடினார்கள், படகில் எரணாகுளம் சேரும்வரை பிள்ளை என் மடியில் துணிபோலத் துவண்டு கிடந்தாள். டாக்டர் எங்கள் மருந்துக் குப்பியைக் கையில் வாங்கிப் பார்த்து, இது சூட்டில் கிடந்து சத்துப் போன மருந்து, இத்தனை நாளும் வெறும் தண்ணீரைத்தான் குத்தியிருக்கிறீர்கள் என்றார். என் கையாலேயே குத்தினேன் தாவூது.

வெள்ளிக்கிழமை புது மருந்தோடு வீட்டுக்கு வந்ததும் அதை எங்கே வைப்பது என்று பயம் பிடித்துக்கொண்டது. ராசப்பனுக்கு ஆள் அனுப்பினோம். பெட்டியை இழுக்க ஆளும் இல்லை, பொறுக்க எனக்குத் தெம்பும் இல்லை, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே வாருங்கள் என்று நானே கதவைத் திறந்தேன். அவர் மூலையைப் பார்த்தார், தடிமனான திரையை விலக்கினார், பெட்டிக்குப் பின்னால் நான் திணித்து வைத்திருந்த மூன்று மெத்தைகளையும் ஒவ்வொன்றாக உருவிப் போட்டார். சுவரைத் தொட்டவர் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். உள்ளேயிருக்கிற சூட்டை எடுத்து இந்தக் கறுப்புக் குழாய் வழியாப் பின்னால விடறதுதான் இதுக்கு வேலை, மூக்கையும் வாயையும் பொத்தி வச்சா பாவம் இது என்ன செய்யும் இத்தா என்றார். கூடத்தில் காற்று இருந்தது, அதனால் குளிர்ந்திருக்கிறது. மேசைமேல் வைத்திருந்தால்கூட மருந்து அத்தனை கெட்டிருக்காதாம்.

ஏன் மெத்தை வைத்தாய் என்று நீ கேட்பாய். சுள்ளிக்கல்லிலிருந்து ஷௌகத் அலியின் உம்மா தன் மகனுக்கு ஜலீலாவைப் பெண் கேட்டுப் பேச்செடுத்ததிலிருந்து நினைத்த நேரத்துக்கு வந்து போகிறார்கள். மோட்டார் சத்தம் கேட்டால் இது எதற்கு என்பார்கள், மருந்துக்கு என்றால் யாருக்கு என்பார்கள். அந்தப் பயத்தில்தான் சத்தம் வெளியே வராமல் அடைத்தேன். ராசப்பன் கேட்டதற்கும் அத்தாவின் இருமல் மருந்து என்று பொய் சொன்னேன். உன்னோடு ஒரே கடையில் வேலை செய்யும் அந்த ஷௌகத் அலியிடம் தங்கையின் வியாதியைப் பற்றி மூச்சு விடாதே என்று உனக்கு எழுதியவளும் நான்தான்.

இப்போது பெட்டி கூடத்தில், வாசலுக்கு நேரே நிற்கிறது. பொழுதுக்கும் உறுமுகிறது. நான் மணிக்கொரு தரம் திறந்து குப்பியைத் தொட்டுப் பார்க்கிறேன், அத்தா இப்படித் திறந்தால் அதுவே கெட்டுப்போகும் என்று சத்தம் போடுகிறார்கள். ஜலீலா மெலிந்துவிட்டாள், ஆனால் கஞ்சி குடிக்கிறாள். நேற்று அவள் என்னிடம், நிக்காஹ் ஆனால் அந்த வீட்டில் மருந்தை எங்கேம்மா ஒளித்து வைப்பேன் என்று கேட்டாள். நான் ஒளித்து வைத்தே என் கண் முன்னால் பிள்ளை போகப் பார்த்தாள், அங்கே ஒளித்து வைத்தால் யார் கண்டுபிடிப்பார்கள்?

சம்பந்தம் முறிந்துவிடும் என்றும் பயமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன். வருகிற மாதம் நாள் குறிக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், வந்தால் பெட்டியைப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். நீ வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் உன் தங்கைக்கு நல்ல இடத்தையும் தரட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஷௌகத் அலிக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும், அதனால் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து இந்தக் கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை நீயே அவனுக்குப் படித்துக் காட்டு.

உன் பதிலுக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும்
அம்மா ஷரீஃபா