தொப்பிக்குள் தவளை

படுக்கையறையை மட்டும் ஓட்டும் கேப்டன் அப்பாவுக்கு,

கதவடியில் இதைத் தள்ளுகிறேன்.

சம்பளம் கூடுமென்று, சின்ன விமானங்களை வெளிக் கம்பெனிக்கு விட்டுவிட விமானிகள் சங்கத்தில் நீங்களும் வாக்களித்தீர்கள். "சின்ன விமானந்தானே, வெளிக் கம்பெனி ஓட்டிட்டுப் போகட்டும்" என்றீர்கள். இப்போது நம் ஊர் பிட்ஸ்பர்க்கிலிருந்து உங்கள் தடங்களில் அந்தச் சின்ன விமானங்கள்தான் பறக்கின்றன. உங்களுக்கு வேலை இல்லை.

"அந்த வெளிக் கம்பெனியிலயே வேலைக்குச் சேருங்களேன்" என்றாள் அம்மா.

"கேப்டனா இருந்தவன், அங்க சீனியாரிட்டியில கடைசி ஆளாவா?" என்று கதவைச் சாத்தினீர்கள்.

அந்த விமானங்களுக்கும் உங்கள் கம்பெனியின் நீலச் சாயம்தான். தங்கை அண்ணாந்து பார்த்து, "அப்பா போறாரு" என்று கையசைக்கிறாள். நான் திருத்தவில்லை.

வேலை போன அன்று, வழக்கம்போல உங்கள் தொப்பிக்குள் ரப்பர் தவளையை ஒளித்தேன். இன்று பார்த்தேன், தூசிக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. தொப்பியை எடுத்து ஒருமுறை அலறுங்களேன், அப்பா.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக் குரங்கு