பழசு முதலில்

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; இல்லாவிட்டால் கடிதத்தைப் பிரித்ததும் நேராகக் கடைசி வரிக்கு ஓடுவாய். போன வாரம் பார்த்ததில் பிரஷர் கட்டுக்குள்தான் இருக்கிறது. நீயும் நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனை எடுத்ததுமே நீ, "சாப்டீங்களா மாமா, இன்னிக்கு எந்த டப்பா எடுத்தீங்க?" என்று கேட்பாய். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன பிறகு எனக்கு வேறு எதுவும் பேச வராது. அதனால்தான் இந்தக் கடிதம். சொல்ல வேண்டியது இரண்டு. ஒன்று, நம் ஃப்ரீசர் போய்விட்டது. இன்னொன்று, உன் அண்ணன் என்னிடம் பேசினார்.

ஃப்ரீசரை முதலில் சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்படிக்குள் கால் வைத்தேன். ஈரம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் தரை முழுக்கத் தண்ணீர். கதவைத் திறந்தேன். நீ மாதக் கடைசியில் வந்து, இரண்டு நாள் அடுப்பை விட்டு நகராமல் நின்று சமைத்து, ஆறவைத்து, ஒரு வேளைக்கு ஒன்றாக அடைத்து, நீ வேலை செய்யும் லேபில் ரத்தக் குப்பிகளுக்கு ஒட்டுவதுபோல் ஒவ்வொன்றிலும் பெயரும் தேதியும் ஒட்டி அடுக்கிவிட்டுப் போன டப்பாக்கள் எல்லாம் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பீன்ஸ் டப்பாவை அழுத்தினேன், மூடி உள்ளே போனது.

உன் டப்பாக்களை நான் பிறகுதான் பார்த்தேன். முதலில் தேடியது எதை என்று உனக்குத் தெரியும்.

அந்த டப்பாவைப் பற்றி நாம் இருவரும் ஒரு நாளும் பேசியதில்லை. இப்போது பேசித்தான் ஆக வேண்டும். அவன் அம்மா போனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை அடுப்பு என் மகனுடையது. நீ இந்த வீட்டுக்கு வந்த பிறகும் அந்த ஒரு நாளை அவன் உனக்கு விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் கடைசி ஞாயிறு கோழியும் உருளைக்கிழங்கும் போட்டு ஒரு குழம்பு வைத்தான். பாதிதான் செலவானது. மீதியை நீல மூடி டப்பாவில் ஊற்றி, "கோழி, மூணு பேருக்கு" என்று டேப்பில் எழுதி, தேதி போட்டு உள்ளே வைத்தான். மறுநாள் காலை பள்ளி மைதானத்தில் பிள்ளைகளை ஓடவிட்டுக்கொண்டு நின்றவன் அப்படியே சாய்ந்துவிட்டான். தூக்கும்போதும் விசில் வாயிலேயே இருந்ததாகச் சொன்னார்கள்.

நான் காலமெல்லாம் தொழிற்சாலை ஸ்டோரில் இருந்தவன். பழசு முதலில் போக வேண்டும், புதுசு பின்னால் நிற்க வேண்டும். பழைய பேரிங் அலமாரியில் இருக்கும்போது எவனாவது புதுசைப் பிரித்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன். வீட்டிலும் அதே சட்டம்தான். அந்தச் சட்டப்படி பார்த்தால் நீல மூடி டப்பா என்றைக்கோ வெளியே வந்திருக்க வேண்டும். நான்தான் ஒவ்வொரு முறையும் பின்னால் தள்ளினேன். நான் இடது மூலையில் வைப்பேன். நீ வந்துபோன பிறகு பார்த்தால் பட்டாணிப் பைக்கு அடியில் இருக்கும். நான் எடுத்து மேல் தட்டுக்கு மாற்றுவேன். அடுத்த மாதம் அது மறுபடி கீழே போயிருக்கும். ஒருவர் வைத்த இடத்தில் இன்னொருவர் விட்டுவைத்ததில்லை. ஆனால் இருவருமே அதை வெளியே எடுக்கவும் இல்லை.

அன்றைக்கு அது மேல் தட்டில் இல்லை. பட்டாணிப் பைக்கு அடியிலும் இல்லை. தண்ணீரில் முட்டி போட்டுக்கொண்டு கையை விட்டுத் துழாவிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. சரி, இந்த முறை நீ உன்னோடு எடுத்துப் போய்விட்டாய் என்று முடிவுக்கு வந்தேன். போகட்டும், அவளுக்கு இல்லாத உரிமையா என்றது ஒரு மனசு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றது இன்னொரு மனசு. இப்படி நினைத்ததையும் உன்னிடம் மறைக்கவில்லை.

அதற்குள் மாடிவீட்டுத் தையல்காரம்மா கீழே இறங்கி வந்துவிட்டாள். கழுத்தில் அளவு டேப், வாயில் குண்டூசி. வாசல்வரை வந்த தண்ணீரைப் பார்த்துவிட்டு, "என்ன சார், ஊருக்கெல்லாம் வெயில், உங்களுக்கு மட்டும் மழையா?" என்றாள். உள்ளே வந்து பார்த்ததும் கேலியை விட்டுவிட்டாள். உருகினதை மறுபடி உறைய வைக்கக் கூடாது, வயிற்றைக் கெடுக்கும், இப்போதே சூடு பண்ணி எல்லோரும் சாப்பிட்டுவிடுவதுதான் வழி என்றாள். "நீங்க போய் மெக்கானிக்கைக் கூட்டிட்டு வாங்க சார், இதை நான் பாத்துக்கறேன்" என்று புடவையை இழுத்துச் செருகினாள்.

நானும் சரி என்று செருப்பை மாட்டினேன். படி இறங்கும்போது திரும்பி, "பழசு முதல்ல எடுங்கம்மா, தேதி போட்டிருக்கும்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. ஸ்டோரில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

ஞாயிறு என்பதால் மெக்கானிக் கடை பூட்டிக் கிடந்தது. வீட்டைத் தேடிப் பிடித்து, குளித்துவிட்டு வரட்டும் என்று காத்திருந்து, அவர் வண்டியிலேயே பின்னால் உட்கார்ந்து திரும்பினேன். வரும் வழியெல்லாம் அவர் கதை சொன்னார், என் காதில் எதுவும் ஏறவில்லை. கேட்டைத் திறந்தபோது முற்றத்தில் கூட்டம். தையல்காரம்மா தன் வெட்டு மேஜையை இறக்கிப் போட்டு, மூலைக்கடையில் ரொட்டி வாங்கி அடுக்கி, பெரிய பாத்திரங்களில் எல்லாவற்றையும் சுடச்சுட வைத்திருந்தாள். வாட்ச்மேன், எதிர்வீட்டு லாரி டிரைவர், அவர் பெண்டாட்டி, பிள்ளைகள் என்று ஆளுக்கொரு தட்டு. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. உன் சமையலை இத்தனை பேர் சாப்பிடுகிறார்களே, உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது தையல்காரம்மாவின் சின்னப் பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அம்மா, இந்தக் கோழில உப்பே இல்ல!" என்றாள்.

"ஓசில சாப்பிடறப்ப வாயப் பாரு இதுக்கு" என்று தையல்காரம்மா அவள் தலையில் ஒரு தட்டு தட்டினாள். வாட்ச்மேன் மட்டும், "பாப்பா சொல்றது நிஜம்தாங்க. ஆனா கறி பஞ்சா வெந்திருக்கு" என்றார்.

நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். நீ எனக்காக உப்பைக் குறைத்துப் போடுவாய். ஆனால் உப்பே இல்லாமல் சமைக்க இந்த வீட்டில் ஒருவனால்தான் முடியும். எனக்குப் பிரஷர் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவன் அப்படித்தான் செய்தான். நீ மேஜையில் உப்பு டப்பாவைத் தேடுவாய். அவன் அதை என் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்துக்கொண்டு, "வேணும்னா நீ போட்டுக்கோ. போட்டதை எடுக்க முடியாது, போடாததைப் போட்டுக்கலாம்ல?" என்பான். நீ, "இது சாப்பாடா, ஆஸ்பத்திரியா?" என்பாய். ஒவ்வொரு ஞாயிறும் இதே சண்டை.

தையல்காரம்மாவிடம் அது எங்கே இருந்தது என்று மட்டும் கேட்டேன். ஐஸ் தட்டுக்குப் பின்னால், இன்னும் உருகாத ஐஸோடு ஐஸாக ஒட்டிக்கொண்டிருந்ததாம். கத்தியால் நெம்பித்தான் எடுத்தாளாம். "தேதியப் பாத்தா அதுதான் சார் எல்லாத்துலயும் பழசு. நீங்க சொன்ன மாதிரியே அதைத்தான் முதல்ல அடுப்புல ஏத்தினேன்" என்றாள். முகத்தில் அவ்வளவு திருப்தி. நல்ல காரியம் செஞ்சீங்கம்மா என்றேன். அவளுக்கு இன்றுவரை தெரியாது. நீயும் சொல்லிவிடாதே. தெரிந்தால் அவளால் இந்தப் படியில் இறங்க முடியாது.

எனக்கென்று பீன்ஸ் தனியாக எடுத்து மூடி வைத்திருந்தாள். கோழி தீர்ந்துவிட்டது. எல்லோரும் போன பிறகு பாத்திரங்களை நானே கழுவுகிறேன் என்று வாங்கி வந்தேன். அந்தப் பாத்திரத்தின் ஓரத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு ரொட்டித் துண்டால் சுற்றித் துடைத்து வாயில் போட்டேன். உப்பில்லை.

உனக்கு ஒரு வாய் எடுத்து வைக்க முடியவில்லையம்மா. கடைசியாக அதை நீதான் அவ்வளவு பத்திரமாக ஒளித்து வைத்திருக்கிறாய். எனக்கு எட்டாத இடம் என்று பார்த்து வைத்தாயோ என்னவோ. நான் தின்றுவிடுவேன் என்று பயந்தாயா, தூக்கிப் போட்டுவிடுவேன் என்று பயந்தாயா என்று உன்னைக் கேட்கப் போவதில்லை. எனக்கும் உன்னைப் பற்றி அதே பயம்தான் இருந்தது.

அவ்வளவு பழசைத் தின்றார்களே என்று மறுநாள் காலை வீடு வீடாகப் போய் விசாரித்தேன். யாருக்கும் எதுவும் இல்லை. சின்னப் பெண் மட்டும் வயிறு வலிக்கிறது என்று படுத்திருந்தாள். பயந்துபோனேன். அன்றைக்கு அவளுக்குக் கணக்குப் பரீட்சை என்று அக்காக்காரி சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

பழைய ஃப்ரீசரை மெக்கானிக் தட்டிப் பார்த்துவிட்டு, "பெரியவரே, இது உழைச்சது போதும், விட்டுடுங்க" என்றார். அவரிடமே ஒன்று வாங்கியிருக்கிறேன். சின்னது. பெரியதும் இருந்தது, காட்டினார். வேண்டுமென்றேதான் சின்னதை எடுத்தேன். உன் மாதக் கடைசிச் சமையல் இதில் அடங்காது.

இனி இரண்டாவது விஷயம். உன் அண்ணன் எல்லாம் சொன்னார். உன் லேபில் வேலை செய்பவர் உன்னைக் கல்யாணத்துக்குக் கேட்டிருக்கிறார், அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது, இந்த மாதத்துக்குள் உன் பதில் வேண்டும். உனக்கும் அவரைப் பிடித்துத்தான் இருக்கிறது என்று அண்ணிக்காரிக்குத் தோன்றுகிறதாம். ஆனால் நீ முடியாது என்றிருக்கிறாய். ஏன் என்று கேட்டதற்கு, "நான் போயிட்டா மாமாவுக்கு யார் சமைச்சு வெப்பா?" என்றாயாம். உன் அண்ணன் இதைச் சொல்லிவிட்டு, "நீங்க சொன்னா கேப்பா மாமா" என்றார். அவர் குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

என் சாப்பாட்டைக் காரணமாக வைக்காதே. நான் கற்றுக்கொண்டுவிட்டேன். இந்த ஒரு வாரமாக நானே சமைத்து, நானே அடைக்கிறேன். முதல் நாள் சூட்டோடு உள்ளே வைத்துவிட்டேன், பெட்டி முழுக்க ஆவி. மறுநாள் சூப்பை மூடிவரை ஊற்றினேன், காலையில் மூடி பிளந்து நின்றது. இப்போது ஆறவைத்து, ஒரு விரல் இடம் விட்டு ஊற்றுகிறேன். பைகளில் தட்டையாகப் படுக்கவைத்து உறையவைத்துவிட்டால் பிறகு ஃபைல் மாதிரி நிறுத்திவிடலாம். அது நானே கண்டுபிடித்தது. தையல்காரம்மா பார்த்துவிட்டு, "சார், நீங்க சமைக்கறீங்களா, பார்சல் ஆபீஸ் நடத்தறீங்களா?" என்கிறாள். பழசு முன்னால், புதுசு பின்னால். தேதி உண்டு. உப்பும் கம்மிதான், நீ கவலைப்படாதே.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியாமல் இருந்தது. நீ எத்தனை கவனமாக அளந்தாலும் உன் டப்பாவில் எனக்கு எப்போதும் மிஞ்சும். உன் கை இன்னும் பழைய அளவில்தான் நிற்கிறது. நான் முதல் முறையாக எனக்கு மட்டும் என்று அளந்து ஒரு பையில் ஊற்றிப் பார்த்தேன். உள்ளங்கையில் அடங்கிவிட்டது. ஒரு ஆள் என்றால் இவ்வளவுதான் போல.

நீ சரி என்று சொல்லிவிடு, அம்மா. என்னிடம் கேட்க வேண்டும் என்றும் நினைக்காதே; இதோ நானே சொல்லிவிட்டேன். இதற்கு அவன் என்ன நினைத்திருப்பான் என்றெல்லாம் யோசிக்காதே. உனக்கு வயசு இருக்கிறது. ஐஸ் தட்டுக்குப் பின்னால் எவ்வளவு காலம்தான் இருப்பாய்?

இந்த மாதக் கடைசியில் நீ வர வேண்டாம். பெட்டி கட்டும் வேலை இருக்கும், அதைப் பார். நீல மூடி டப்பாவைக் கழுவிவிட்டேன். அதிலிருந்த டேப்பை மெதுவாக உரித்து இந்தக் கடிதத்தின் பின்பக்கம் ஒட்டியிருக்கிறேன். எழுத்து கலையவில்லை. அது உன்னிடம் இருக்கட்டும்.

நேற்று கோழியும் உருளைக்கிழங்கும் வாங்கி, அவன் செய்ததுபோல் செய்து பார்த்தேன். அந்த ருசி வரவில்லை. இருந்தாலும் அதே டப்பாவில் ஊற்றி, தேதி போட்டு, மூணு பேருக்கு என்று என் கையால் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். அதை நான் எடுக்க மாட்டேன்.

எங்கே இருந்தாலும் வயிறார, மனசார இரு. என்றைக்காவது அவரைக் கூட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தால் ஒரு நாள் முன்பே சொல்லிவிடு. அவ்வளவும் உருகி வர ஒரு ராத்திரி முழுக்க ஆகும்.

என்றும் உன் நலம் விரும்பும்,
மாமா