ஹவாவுக்கு வந்த மாப்பிள்ளை

6 செப்டம்பர் 1936, ஞாயிறு. பெங்களூர்.

மகள் கமலாவை இன்று பெண் பார்க்க வந்தார்கள். பையன் மதராஸில் வக்கீல். மூன்று மாதமாக இங்கே அத்தை வீட்டில் இருக்கிறானாம். ஏன் என்று கேட்டேன்.

"ஹவாவுக்குத்தாம்மா. உங்க ஊரு ஹவா வேற எங்க வரும்?" என்றாள் அவன் தாய்.

இந்த ஊரில் சீதோஷ்ணம் என்று யார் சொல்கிறார்கள்? மழை, வெயில், குளிர் எல்லாமே ஹவாதான். இருமும் நெஞ்சு நோய்க்காரர்களை இங்கே அனுப்புகிறவர்களும் நோயின் பெயரைச் சொல்வதில்லை. ஹவாவுக்கு என்றுதான் சொல்கிறார்கள்.

பையனுக்கு மட்டும் தாங்கள் கொண்டுவந்த டம்ளரில் காபி ஊற்றச் சொன்னாள் அவன் தாய். அவன் குடித்ததும் அதைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அவர்கள் போனதும் டம்ளர் விஷயத்தை இவரிடம் சொன்னேன். "ஆசாரக்காரங்க. காலேஜ் படிச்ச உனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம்" என்று சிரித்தார்.

கமலாவுக்கு அவனைப் பிடித்துவிட்டது. எனக்கும்தான். என் தங்கையின் குழந்தை அவன் மடியில் ஏறப் போனபோது, சட்டென்று நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினான். "எங்கிட்ட வராதே கண்ணு" என்று அவன் மெல்லச் சொன்னது எனக்கு மட்டும் கேட்டது.

தாயிடமிருந்து உண்மை வராது. நாளை அவனையே கேட்கப் போகிறேன். அவன் பொய் சொல்லமாட்டான் என்பதுதான் பயமாக இருக்கிறது.