பதினேழாம் எண் அட்டை

மார்ச் 3, செவ்வாய்

தலைக்கவசத்தின் பட்டையைப் போடவில்லை என்று காலையில் ஒரு கொத்தனாரின் கன்னத்தில் அண்ணன் ஓங்கி அறைந்தான். பாதுகாப்புப் பயிற்சி இப்படித்தான் நடக்கிறது இங்கே. அறை விழுந்தது அந்த ஆளுக்கு, கூசியது எனக்கு. என் இடது காதில் பாதிதான் கேட்கும். பன்னிரண்டு வயதில் அண்ணன் விட்ட அறை. அன்றிலிருந்து அவன் எங்கே நின்றாலும் அவனை என் வலப்பக்கத்தில் வைத்துக்கொள்வேன். இது அவனுக்குத் தெரியாது.

தொழிலாளர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. தொடர்பாளர் நான்தான் என்று மறுபடி உறுதிசெய்து கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டேன். பதினோரு மாத வேலைக்காக வேறு நாட்டிலிருந்து வந்த கம்பெனி எங்களுடையது. குளிர்பதனக் கிடங்கைக் கட்டி முடித்ததும் கிளம்பிவிட வேண்டும். அதுவரை, ஒவ்வொரு ஆளின் பெயரும் அவர் வேலையில் கால் வைப்பதற்கு முன்பே இங்கே பதிவாகியிருக்க வேண்டும். ஒப்பந்தம், வேலை நேரக் கணக்கு, பயிற்சிச் சான்று எல்லாவற்றையும் இந்த நாட்டு மொழியில் பெயர்த்துத் தளத்திலேயே வைத்திருக்க வேண்டும். அதிகாரி வந்தால் பதில் சொல்ல வேண்டியவள் நான். ஆட்கள் என்னை ஃபைலக்கா என்கிறார்கள். மேஸ்திரியான என் அண்ணனை இரும்பு என்கிறார்கள், அவன் காதில் விழாமல்.

மார்ச் 5

கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் ஷட்டரிங் தச்சர் முதுகு பிடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக ஒரு கம்பி கட்டுபவர் வந்து இறங்கியிருக்கிறார். அவருடைய காப்பீட்டுச் சான்று நம் நாட்டிலிருந்து வர மூன்று வாரம் ஆகும். சான்று இல்லாமல் பதிவு இல்லை, பதிவு இல்லாமல் வேலை இல்லை.

அண்ணன் குதித்தான். நாளைக் காலை ஆள் மேலே நிற்க வேண்டும் என்றான்.

யோசனை என்னுடையது. அதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். தச்சரின் பெயர் இன்னும் பதிவில்தான் இருக்கிறது. அவருடைய அட்டை, எண் 17, என் மேசையில் இருக்கிறது. படத்தில் மீசை, புது ஆளுக்கும் மீசை. எடுத்துக் கழுத்தில் மாட்டிவிட்டேன். மூன்று வாரம்தானே?

அண்ணன் என் முதுகில் தட்டிக்கொடுத்தான். கேவலம், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 6

புதுப் பதினேழு பழைய பதினேழின் கையெழுத்தைப் பழகிவிட்டார். அசலைவிட அழகாகவே போடுகிறார்.

மார்ச் 11

கம்பி கட்டுபவருக்கு வாய் சும்மா இருக்காது. மதியம் எல்லார் முன்னாலும் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டார். பாஸ்போர்ட் தொழிலாளியின் கையில்தான் இருக்க வேண்டும் என்று எட்டு மொழியில் அச்சடித்த தாளைச் சுவரில் ஒட்டியவளே நான்தான். எல்லாருடையதும் அண்ணனின் இழுப்பறைக்குள் பூட்டிக் கிடக்கிறது.

அண்ணன் எழுந்து போய் அவர் வயிற்றில் உதைத்தான். சாப்பாட்டு டப்பா பறந்தது. கீழே விழுந்தவரின் விலாவில் இன்னொரு உதை. அவர் மெல்ல எழுந்து, வாயில் இருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஃபைலக்கா, நான் பதினேழு இல்லைன்னு உங்களுக்குத் தெரியும். அந்த ஆளுக்குச் சேர வேண்டிய உதைய எனக்கு ஏன் குடுக்கறாரு? அத அவரு ஊருக்கு அனுப்பி வைங்க."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும்தான். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பை அவன் மறக்கமாட்டான். எனக்கு அவனைத் தெரியும்.

மார்ச் 17

இப்போதே எழுதிவிடுகிறேன். நாளைக்கு நானே மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

காலை பத்தேகால். மூன்றாம் தட்டுச் சாரத்தில் கைப்பிடிக் குழாய் கட்டவில்லை, கட்டினால்தான் வேலை செய்வேன் என்று கம்பி கட்டுபவர் இறங்கப் பார்த்தார். அண்ணன் மேலே ஏறினான். கையில் பெரிய ஸ்பானர். தோளில் ஓர் அடி. அவர் அண்ணனின் சட்டையைப் பிடித்தார். இன்னோர் அடி, முழங்கையில். பிடி விட்டது. அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. நெஞ்சில் எட்டி உதைத்தான்.

கைப்பிடி இருந்திருந்தால் அதில் முட்டி நின்றிருப்பார்.

கீழே தூணுக்காக நட்டிருந்த குத்துக்கம்பிகள். ஒன்று தொடையில் ஏறி மறுபக்கம் வந்துவிட்டது. அவர் கத்தவில்லை. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெல்டர் வந்து கம்பியை அடியில் அறுத்து எடுக்க வேண்டியிருந்தது. அறுக்கும்போது கத்தினார். அந்தச் சத்தம் பாதிக் காதிலும் முழுசாகக் கேட்டது.

கம்பி முனைகளுக்குப் போடும் பிளாஸ்டிக் மூடி ஒரு பெட்டி நிறைய என் மேசைக்கடியில் இருக்கிறது. போன வாரம் வந்தது. ரசீதை ஃபைலில் போட்டேன். பெட்டியைப் பிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கழுத்து அட்டையைப் பார்த்துத் தச்சரின் பெயரை எழுதிக்கொண்டார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 18

விபத்தை ஒரு நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். தெரிவித்தேன். எண் 17, சாரத்திலிருந்து தவறி விழுந்தார். 'தவறி' என்று டைப் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு அரைமணி ஆனது. அண்ணன் பின்னால் நின்றான். அவன் என் வலப்பக்கம் வரும்படி நாற்காலியைத் திருப்பிக்கொண்டேன்.

"நீ மாட்டின அட்டை. மாட்டினா ரெண்டு பேரும்தான் மாட்டுவோம். அவன் பேரே இங்க எங்கயும் இல்ல. இல்லாதவன நான் எப்படித் தள்ள முடியும்?" என்றான்.

மதியம் தச்சர் ஊரிலிருந்து போன் செய்தார். காப்பீட்டுக்காரர்கள் அவர் வீட்டுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

"எனக்குக் கால்ல கம்பி ஏறிடுச்சாமே ஃபைலக்கா? எம்பொண்டாட்டி என்னப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டே அழறா. குனிஞ்சு பாத்தேன், ரெண்டும் இருக்கு. அங்க யாருது போச்சு?"

தொடர்பு சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மார்ச் 19

காலையில் கம்பி கட்டுபவரின் மனைவி அழைத்தார். இரண்டு நாளாக அவர் போன் எடுக்கவில்லையே என்றார். மேலே உயரத்தில் வேலை, போன் கொண்டுபோகக் கூடாது என்றேன். "அப்படியா, சரிங்கக்கா, பாத்து இருக்கச் சொல்லுங்க" என்று நிம்மதியாக வைத்தார். என்னை நம்பிவிட்டார். அடிப்பாவி, நீயெல்லாம் ஒரு மனுஷியா?

பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார்கள். காலில் சீழ் பிடித்து ரத்தத்தில் கலக்கிறது. இன்று மாலைக்குள் காலை எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்தே அவருக்கு நினைவில்லை. வேறு நோய் உண்டா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று வீட்டாரைக் கேட்க வேண்டும், சம்மதமும் வேண்டும். தச்சரின் மனைவிக்குப் போன் போடப் போகிறார்கள்!

அந்தம்மாவிடம் சொல்லிச் சரி என்று சொல்ல வைத்துவிடலாம் என்றான் அண்ணன். மாற்றான் மனைவி போனில் சரி என்பாள், இவர் காலை அறுப்பார்கள். நான் தொழிலாளர் அலுவலகத்து எண்ணை அழுத்தினேன். அண்ணன் கதவைத் தாழிட்டான்.

முதல் அடியில் போன் போனது. இரண்டாவது தாடையில். எனக்கு வலிக்கவில்லை, சத்தியமாக வலிக்கவில்லை, கண் மட்டும் இருட்டியது. முடியைப் பிடித்து மேசையில் மோதினான். கைக்கு என்ன கிடைத்தது என்று பார்க்கவில்லை. ஃபைலுக்கு ஓட்டை போடும் மெஷின். இரும்பு. கனமானது. திருப்பி அவன் முகத்தில் அடித்தேன். மூக்கு உடைந்தது தெரிந்தது. இன்னொரு தடவையும் அடித்தேன். அதற்குத் தேவையே இருக்கவில்லை. அவன் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டான். இருந்தும் அடித்தேன். அப்பா எங்கள் இருவரையும் அடித்து வளர்த்தார், அண்ணன் மட்டும்தான் அவரைக் கொண்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சத்தம் கேட்டு ஆட்கள் எங்கள் அலுவலகக் கண்டெய்னரின் ஜன்னலை உடைத்துக்கொண்டு வந்தார்கள். அண்ணனை வெளியே இழுத்துப் போனார்கள். கால், கை, குழாய், கையில் கிடைத்தது எல்லாம் அவன்மேல் விழுந்தது. அன்று அறை வாங்கிய கொத்தனார் முதல் ஆளாக நின்றார். நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டியவள் நான் ஒருத்திதான். சொன்னேன். ஆனால் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் சொன்னேன்.

வெல்டரின் போனில் ஆஸ்பத்திரிக்குச் சொன்னேன். அவருடைய உண்மையான பெயர், வயது. கம்பி கட்டுபவரின் மனைவிக்கும் நானே சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "பென்சிலின் போடக்கூடாதுக்கா, அவருக்கு மூச்சு நின்னுடும். போட்டுட்டாங்களா?" என்று கேட்டார்.

போடவில்லை. மாலை ஊசிச் சீட்டில் அதுதான் எழுதியிருந்ததாம். அடித்து மாற்றினார்கள்.

மார்ச் 20

முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். உயிர் இருக்கிறது. இரண்டு நாள் முன்னால் சரியான பெயரைச் சொல்லியிருந்தால் கால் தப்பித்திருக்குமா? டாக்டரிடம் நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

மார்ச் 24

அதிகாரிகள் தளத்தை மூடி முத்திரை வைத்தார்கள். அண்ணனைக் காவலர்கள் கூட்டிப்போனார்கள். பாஸ்போர்ட்டுகளை இழுப்பறையை உடைத்து எடுத்து அவரவர் கையில் கொடுத்தார்கள். விபத்து அறிக்கையில் 'தவறி' என்பதை அடித்து 'உதைத்ததால்' என்று எழுதி, ஓரத்தில் கையெழுத்துப் போட்டேன். அட்டையை மாட்டியது நான் என்று தனித் தாளில் எழுதிக் கொடுத்தேன். அதற்கும் வழக்கு உண்டு என்றார் அதிகாரி. தெரியும் என்றேன்.

அம்மா போன் செய்தாள். "கூடப் பொறந்தவன ஜெயிலுக்கு அனுப்பிட்டு எந்த மூஞ்சியோட வீட்டுக்கு வருவ?" என்றாள். என் மூஞ்சி எப்படி இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. தாடையில் தையல், இரண்டு பல் இல்லை. இந்த மூஞ்சிதான் அம்மா.

ஏப்ரல் 2

கம்பி கட்டுபவரைப் பார்க்கப் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். நன்றாகவே திட்டினார், மூச்சு வாங்கும்வரை. நின்று கேட்டுக்கொண்டேன். கடைசியில் தலைமாட்டுச் சீட்டைக் காட்டி, "பேர் சரியா இருக்கான்னு ஒரு தடவை பாருங்க" என்றார். பார்த்தேன். சரியாக இருந்தது.

ஏப்ரல் 28

இன்று விசாரணை. கம்பெனி இந்த நாட்டில் இனி வேலை எடுக்கக்கூடாது என்று ஏற்கெனவே தீர்ப்பு வந்துவிட்டது. மீதி, அண்ணனும் நானும்.

படிவத்தை நானே நிரப்பினேன். எத்தனை பேருக்கு நிரப்பிய கை! புகாருக்கு உள்ளானவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்ற கட்டத்தில் மட்டும் பேனா நின்றது. அண்ணன் என்று எழுதினேன்.

உள்ளே கூப்பிடும்வரை நடையில் காத்திருக்கச் சொன்னார்கள். ஒரே நீளப் பெஞ்ச். ஒரு முனையில் காவலர், அடுத்து அண்ணன். மூக்கு கோணலாக ஒட்டியிருந்தது. எதிரே சக்கர நாற்காலியில் கம்பி கட்டுபவர், மடித்துக் குத்திய கால்சட்டையோடு. பெஞ்சில் அண்ணனுக்கு வலப்பக்கம் மட்டும்தான் இடம் இருந்தது. உட்கார்ந்தால் அவன் என் இடது காதுப் பக்கம் வருவான்.

போய் உட்கார்ந்தேன். அவன் ஏதோ மெதுவாகச் சொன்னான். எனக்குக் கேட்கவில்லை, திரும்பிக் கேட்கவுமில்லை. கொஞ்ச நேரத்தில் என் பெயரைக் கூப்பிட்டார்கள்.